குரங்கின் மேல் ஒரு பழி, கதிரவன் மேல் ஒரு பழி

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி தாண்டிச் சில நிமிடங்கள் கழிந்திருந்த வேளையில் இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் அறிவித்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அச்செய்தியை ஒருவித நகைப்புடன் வெளியிட்டன. எமது நாட்டைப் பற்றி எழுத அவர்களுக்கு இப்போதெல்லாம் இவ்வகைச் செய்திகளே வாய்க்கின்றன.

சில நாட்களில் குரங்கு மறக்கப்பட்டது. பழி வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டது. அன்று வெயில் நன்றாக எறித்தது. விடுமுறை நாளாதலால் மின்பாவனை குறைவு. நாட்டின் தேவையில் ஏறத்தாழப் பாதி சூரியப்படல்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஆகவே வலையமைப்பு பலவீனமாக இருந்தது, ஓர் உப மின்நிலையத்தின் கோளாற்றைத் தாங்க முடியாமல் முழுவதும் சரிந்தது என்று இலங்கை மின்சார சபை விளக்கமளித்தது. இரண்டு மாதங்கள் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு வந்தபோது, ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் வேளையில் கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு சபை மக்களைக் கேட்டுக்கொண்டது.

பத்திரிகை மேசையில் நாற்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் மின்தடைச் செய்திகளை எண்ணிக்கையின்றித் திருத்தியிருக்கிறேன். 1996இல் மழை பெய்யவில்லை என்றார்கள். 2001, 2002ஆம் ஆண்டுகளிலும் அதையே சொன்னார்கள். 2016 மார்ச் 13இல் பியகமவில் மின்மாற்றி வெடித்தது. 2020 ஓகஸ்ட் 17இல் கெரவலப்பிட்டி உப மின்நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது தவறு நேர்ந்தது. 2021 டிசெம்பரிலும் 2023 டிசெம்பரிலும் கொத்மலை - பியகம மின்வழியில் கோளாறு. 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லை. அவ்வருடம் மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வரை போனோம். 2025இல் குரங்கு, அதன்பின் கதிரவன். காரணங்கள் மாறிக்கொண்டே வந்தன. குற்றவாளி மட்டும் எப்போதும் வாய் பேசாத ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மீள்புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தையும் பழைய வகை மின்சாரத்தையும் சமநிலைப்படுத்துவது மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் கடமை. அக்கடமையை நிறைவேற்றுவதற்கான கருவிகளைப் பத்தாண்டு காலமாக வாங்காமல் இருந்துவிட்டு, சமநிலை குலைந்ததும் அதன் செலவைச் சாதாரண மக்களின் தலையில் ஏற்றுவது நியாயமற்றது. அதனைத் தொழில்நுட்பத்தின் பெயரால் மூடிமறைக்க இடமளிக்கக் கூடாது.

சமநிலை என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் துலா மிதித்த காலத்தை மூத்த வாசகர்கள் அறிவர். துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் பட்டை பிடிப்பார். அப்பால் ஒருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். மூவரின் வேகமும் ஒத்திருக்க வேண்டும். பட்டையில் நீரின் பாரம் கூடினாலும் குறைந்தாலும் துலாவில் நிற்பவர் அக்கணமே தன் அடியை மாற்றியாக வேண்டும். பிந்தினால் துலா அவரையே தூக்கி எறிந்துவிடும்.

மின்வலையமைப்பும் அத்தகையதே. பாவிக்கப்படும் மின்சாரமும் பிறப்பிக்கப்படும் மின்சாரமும் ஒவ்வொரு விநாடியும் சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமத்துவத்தைக் காட்டுவது மீடிறன். எமது நாட்டில் அது 50 ஹேர்ட்ஸ். பாவனை கூடி உற்பத்தி குறைந்தால் மீடிறன் இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். குறித்த எல்லையைத் தாண்டினால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்வதற்காக ஒவ்வொன்றாக வலையமைப்பிலிருந்து விலகும். ஒன்று விலக, அதன் பாரம் மற்றவற்றின் மேல் விழும், அவையும் விலகும். சில விநாடிகளில் நாடு இருளும்.

நீர்மின்நிலையத்திலும் அனல் மின்நிலையத்திலும் சுழல்கின்ற பாரிய சக்கரங்களுக்குச் சடத்துவம் உண்டு. திடீரென ஒரு பகுதி அறுந்தாலும் அவை சுற்றும் வேகத்திலேயே சில விநாடிகள் வலையமைப்பைத் தாங்கும். சூரியப்படலில் சுழல்வது எதுவுமில்லை. அது இன்வேட்டர் எனும் இலத்திரனியல் கருவியின் ஊடாக வலையமைப்புடன் சேர்கிறது. மீடிறன் எல்லை தாண்டியதும் அக்கருவி சட்டென்று கழன்றுகொள்ளும். ஆகவே, சூரிய மின்சாரம் மிகுந்த ஒரு நண்பகலில் வலையமைப்பு இலகுவில் ஆடும் என்று சபையின் பொறியியலாளர்கள் கூறுவது உண்மை. கூரைத் தொகுதிகளில் மிகப் பெரும்பான்மையானவை கட்டுப்பாட்டு அறையின் கண்ணுக்குத் தெரிவதில்லை, அங்கிருந்து அவற்றைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை என்பதும் உண்மை. இரவிரவாக அந்த அறையில் விழித்திருந்து தீவின் விளக்குகளைக் காக்கும் மனிதர்களை நான் குறை கூற வரவில்லை. என் கேள்வி அவர்களுக்கு மேலே இருந்தவர்களை நோக்கியது.

வெயில் நாளில் நண்பகலில் மின்சாரம் மிஞ்சும் என்பதும் மாலையில் கதிரவன் மறைந்ததும் தேவை உச்சத்துக்கு ஏறும் என்பதும் யாருக்குத்தான் தெரியாது? இந்த நாட்டின் உச்சத் தேவை மாலை ஏழு மணியை ஒட்டியது, ஏறத்தாழ 2,700 மெகாவாட் அளவினது. வீடுகளில் விளக்கேற்றும் நேரம் அது. சூரியன் அதற்கு உதவாது என்பதைக் கண்டறிய ஆராய்ச்சி தேவையில்லை. அவ்வாறிருக்க, 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' எனும் பெயரில் கூரைகளெங்கும் படல்களைப் பொருத்துமாறு மக்களை அழைத்தது அரசாங்கமேதான். முதல் ஏழு வருடங்களுக்கு ஓர் அலகுக்கு 22 ரூபா தருவோம் என்றது. மக்கள் நம்பினார்கள். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்ந்தபோது, வசதியுள்ளோர் மட்டுமன்றி நடுத்தரக் குடும்பங்களும் வங்கியில் கடன் எடுத்துக் கூரையேறின. இன்று கூரைகளின் மேல் 1,000 மெகாவாட்டுக்கு மிக அதிகமான கொள்ளளவு இருக்கிறது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் முழுக் கொள்ளளவே 900 மெகாவாட்தான். அரசாங்கம் தன் பணத்தில் ஒரு செங்கல்லும் வைக்காமல், மக்கள் தம் பணத்தில் நுரைச்சோலையை விஞ்சிய ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறார்கள்.

அதற்கு ஈடாகச் சேமிப்பு எங்கே? பகலில் மிஞ்சுவதை மாலைக்கு எடுத்துவைக்கும் மின்கலத் தொகுதிகள் எங்கே? 160 மெகாவாட் மின்கலச் சேமிப்புக்கு 2025இல்தான் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கி மின் எடுக்கும் மகா ஓயாத் திட்டம் 600 மெகாவாட் அளவினது. அதுபற்றிய ஆய்வறிக்கைகள் பத்தாண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டன. அறிக்கைகளில் நீர் ஏறி இறங்குகிறது; மலையில் இன்னும் ஏறவில்லை.

ஒப்புநோக்க ஓர் உதாரணம் போதும். 2016 மார்ச்சில் இலங்கை இருண்டது. அதே வருடம் செப்டெம்பர் 28இல் தென் அவுஸ்திரேலிய மாநிலம் முழுவதும் புயலினால் இருண்டது. அங்கேயும் காற்றாலைகள்தாம் காரணம் என்று அரசியல்வாதிகள் கூச்சலிட்டார்கள். ஆயினும் 2017 டிசெம்பர் முதலாம் திகதி ஹோர்ன்ஸ்டேல் எனும் இடத்தில் 100 மெகாவாட் மின்கலத் தொகுதி இயங்கத் தொடங்கிவிட்டது. அவர்களுக்குப் பதினான்கு மாதங்கள்; எமக்குக் கேள்விப்பத்திரம் வரைக்கும் ஒன்பது வருடங்கள். அவர்கள் பணக்காரர் என்று சொல்லலாம். ஆனால், 2010க்குப் பின்னர் லித்தியம் மின்கலங்களின் விலை ஏறத்தாழப் பத்திலொரு பங்காக வீழ்ந்திருக்கிறது. அவர்கள் அதிக விலையில் வாங்கினார்கள். நாம் விலை வீழ்ந்த பின்னரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதிரவன் மேல் பழி போடுவோருக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2016 மார்ச்சில் தீவு இருண்டபோது கூரைகளில் சூரியப்படல்கள் மிகச் சொற்பம். மேலே சொன்ன அழைப்பே அப்போது விடுக்கப்பட்டிருக்கவில்லை. ஓர் உப மின்நிலையத்தில் நேரும் ஒரு தவறு நாடு முழுவதையும் வீழ்த்தும் நோய் இந்த வலையமைப்புக்குக் கூரைப் படல்கள் வருவதற்கு முன்பே இருந்தது. அந்த நோய்க்கு ஒரு முக்கிய காரணம் நுரைச்சோலை.

நுரைச்சோலையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். 1990களின் நடுப்பகுதி வரையில் எமது மின்சாரத்தில் 90 வீதத்துக்கு மேல் நீரிலிருந்தே வந்தது. 1918இலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று ஆய்வுரை படித்தார். அன்றைய ஆட்சியாளர் அசட்டை செய்தனர். லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. பின்னர் மகாவலித் திட்டத்தின் கீழ் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என 1980களில் அணைகள் எழுந்தன. நீர்மின்சாரத்தின் சிறப்பு, அது சில நிமிடங்களில் கூடவும் குறையவும் வல்லது என்பது. துலாவில் நிற்கும் கெட்டிக்கார இளைஞன் போன்றது அது. அடியை எந்நேரமும் மாற்றும்.

மழை பொய்த்தபோது நீரை மட்டும் நம்ப முடியாதென்று நிலக்கரிக்குப் போனோம். அந்த முடிவை முற்றாகப் பிழை என்று கூறமாட்டேன். 300 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகள் நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரை எழுந்தன. நிலக்கரி இயந்திரம் கொழுத்த கிழவர் போன்றது. ஒரே வேகத்தில் நாள் முழுவதும் நடக்கச் சொன்னால் நடப்பார். ஓடு, நில், திரும்பு என்றால் முடியாது. குறித்த அளவுக்குக் கீழே அதன் உற்பத்தியைக் குறைக்க முடியாது. நிறுத்தினால் மறுபடி தொடக்க வெகுநேரம் எடுக்கும். 2020 ஓகஸ்டிலும் 2025 பெப்ரவரியிலும் நுரைச்சோலை விழுந்தபோது அது எழும்பி வரப் பல நாட்கள் சென்றன. அந்நாட்களில் மின்வெட்டை நாம் அனுபவித்தோம். ஒரு சிறிய தீவின் மின்சாரத்தில் இத்தனை பெரிய பங்கை ஓரிடத்தில் குவித்து, மூன்று அலகுகளும் ஒன்றாக விழக்கூடிய நிலையில் வைத்திருப்பது எந்தச் சமநிலைக்கும் எதிரானது.

இப்போது புத்தாண்டு விடுமுறை நண்பகலை எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலைகள் மூடியிருக்கின்றன. தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. நிலக்கரியை நிறுத்த முடியாது, ஏனெனில் மாலைக்குள் அதனைத் தொடக்க இயலாது. வெயில் எறிக்கிறது. மின்சாரம் மிஞ்சுகிறது. எதைக் குறைப்பது? குறைக்கக்கூடியது கூரைதான். ஆகவே, கடல் கடந்து டொலர் கொடுத்து வாங்கிய நிலக்கரி எரிகிறது. விலையின்றி வரும் வெயில் வீணாகிறது. டொலர் இல்லாமல் 13 மணித்தியாலம் இருளில் இருந்த நாடு, மூன்று வருடங்கள் கழித்து இவ்வாறு செய்கிறது.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். 2023இல் கட்டணம் ஏறியதும் வங்கியில் கடன் எடுத்துக் கூரையில் படல் போட்டவர். தவணைப் பணத்தை அந்த மின்சாரத்தின் வருமானமே கட்டும் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். புத்தாண்டுக்கு முதல்நாள் படலைக்கு வந்து நின்று கேட்டார்: "அண்ணை, வெயில் எறிக்கிற நேரத்தில நிப்பாட்டச் சொல்லினம். வங்கிக்காரன் தவணையை நிப்பாட்டுவானோ?" என்னிடம் பதில் இருக்கவில்லை.

அவருக்கு நான் சொல்லாத ஒன்றை இங்கு சொல்கிறேன். தனியார் அனல் மின்நிலையங்களுடன் செய்யப்படும் நீண்டகால ஒப்பந்தங்களில் கொள்ளளவுக் கட்டணம் என்றொரு பகுதி உண்டு. இயந்திரம் ஆயத்தமாக நின்றால் போதும். மின்சாரம் வாங்காத நாளுக்கும் அப்பணம் உண்டு. முதலீடு செய்தவனின் இடர் அவ்வாறு காக்கப்படுகிறது. கடன் எடுத்துக் கூரையில் முதலீடு செய்த தபாலதிபருக்கு அத்தகைய காப்பு எதுவுமில்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும்; நட்டம் அவருடையது. 2025இன் நடுப்பகுதியில் புதிதாகக் கூரையேறுவோருக்கான விலையும் குறைக்கப்பட்டது. படல்களின் விலை இறங்கியதால் புதியவர்களுக்கான விலை இறங்குவதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால், சமநிலைக்காக ஒருவரை நிறுத்தச் சொன்னால் அதற்கொரு விலை உண்டு என்பதை அனல் உற்பத்தியாளருக்கு ஏற்றுக்கொண்டவர்கள் தபாலதிபருக்கும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. கூரையில் படல் போடுவோர் வசதியானவர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் விலையைப் படல் போட வழியில்லாத ஏழையின் கட்டணப் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. குடிசைக்காரன் செலுத்தும் பணத்தில் மாடிவீட்டுக்காரனுக்கு இலாபம் கொடுப்பது சரியல்ல. அவ்வாறாயின் விலையை ஒழுங்காக வகுக்க வேண்டும். பகலில் விற்பவருக்குக் குறைவாகவும், மின்கலம் வைத்து மாலையில் விற்பவருக்குக் கூடுதலாகவும் கொடுக்கலாம். அதை 2016இலேயே வகுத்திருந்தால், இன்று ஆயிரக்கணக்கான வீடுகளில் மின்கலம் இருந்திருக்கும். எந்நேரம் விற்றாலும் ஒரே விலை என்று அறிவித்தவர்கள் பின்னர் எல்லோரும் நண்பகலில் விற்கிறார்கள் என்று முறையிடுவது எவ்வகை நியாயம்? பாவனைப் பக்கத்திலும் இதே கதைதான். தொழிற்சாலைகளுக்கான மலிவு வேளை இரவு பத்தரை மணி முதல் அதிகாலை ஐந்தரை வரை என்றே கட்டணப் பட்டியல்கள் பல ஆண்டுகளாக வகுக்கப்பட்டு வந்தன. நிலக்கரிக்கு ஏற்ற பட்டியல் அது. பகலில் மின்சாரம் மிஞ்சும் காலத்தில் நீர் இறைப்பதையும் பனிக்கட்டி செய்வதையும் பகலுக்கு அழைப்பதே முறை.

சமநிலையின் செலவைச் சுமப்பவர்கள் கூரையுள்ளவர்கள் மட்டுமல்லர். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் நீருக்குள்ளிருந்து தலைகாட்டும். ஊரைக் கொடுத்தவர்கள் மலையக மக்கள். அந்த நீரிலிருந்து பிறந்த மின்சாரம் கொழும்புக்குப் போன பின்னரும், அணைகளைச் சூழ்ந்த தோட்ட லயன்களில் பலவற்றில் நீண்டகாலம் குப்பி விளக்கே எரிந்தது. வடக்கில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. அனல் மின்நிலையம் நடத்திய தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென்று உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. கிழக்கில் 2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் அமைக்கத் திட்டமிட்டார்கள். 2016இல் அது கைவிடப்பட்டு, இப்போது 120 மெகாவாட் சூரிய மின் திட்டமாக உருமாறியிருக்கிறது. நிலக்கரி போனது நல்லதே. காணி கேட்கப்பட்ட விதம் மாறியதா என்பதைச் சம்பூர் மக்களைத்தான் கேட்க வேண்டும்.

மன்னார் இவ்விடயத்தில் தனித்துக் கவனிக்கப்பட வேண்டியது. மன்னாரின் காற்று வெகு சிறந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் புத்தளக் கடல் கொந்தளிப்பதால் நுரைச்சோலைக்கு நிலக்கரி இறக்க முடிவதில்லை. முன்கூட்டியே குவித்து வைத்தே அம்மாதங்களைக் கடக்கிறார்கள். நிலக்கரிக் கப்பலைத் தடுக்கும் அதே காற்றுத்தான் மன்னாரின் சுழலிகளைச் சுற்றுகிறது. கதிரவன் மறைந்த பின்னரும் அது வீசும். ஆகவே, சமநிலை என்ற நோக்கில் மன்னார்க் காற்று இந்நாட்டுக்குத் தேவை. 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி, 30 காற்றாடிகளும் 103.5 மெகாவாட் கொள்ளளவும் கொண்டது.

அத்தனை தேவையான ஒன்றை எவ்வாறு கையாண்டார்கள்? கேள்விப்பத்திரப் போட்டியின்றி 484 மெகாவாட் திட்டம் மன்னாருக்கும் பூநகரிக்குமாக அதானி நிறுவனத்துக்கு ஒப்படைக்கப்பட்டது. விலை ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம், இருபது வருடங்களுக்கு. வழக்குகளும் விலை மீளாய்வும் வந்தபின் 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே வருடத்தில் போட்டியின் மூலம் வழங்கப்பட்ட 50 மெகாவாட் திட்டத்தின் விலை 4.65 சதம். வித்தியாசத்தை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். விலை குறைந்த பின்னரும் மன்னார் மக்கள் வீதியில் நின்றார்கள். தாழ்ந்த தீவில் வெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது, கடற்றொழில் பாதிக்கப்படுகிறது, வலசை வரும் பறவைகளின் பாதை குலைகிறது என்பன அவர்களின் முறைப்பாடுகள். 2025 ஓகஸ்டில் ஒரு மாதம் நிறுத்திவைப்பதாக ஜனாதிபதி கூறினார். செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் காவலுடன் சுழலியின் பாகங்கள் கொண்டுசெல்லப்பட்டன. தடுத்தவர்கள் மீது பலம் பிரயோகிக்கப்பட்டது. மன்னார் கடையடைப்புச் செய்தது.

காற்றாலை வேண்டாம் என்று நான் எழுதவில்லை. மின்வலையமைப்பை மக்கள்மீது திணிக்கும் ஒன்றாகக் கருதும் பழைய மனப்பான்மை, நிலக்கரியிலிருந்து காற்றுக்கு மாறியபோதும் மாறவில்லை என்றே எழுதுகிறேன். மன்னார் மக்களுக்கு அக்காற்றில் பங்கு கொடுத்தார்களா? வடிகால் ஆய்வை அவர்களின் மொழியில் அவர்களின் முன் வைத்தார்களா? 2030இல் 70 வீதம் மீள்புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது அரசின் இலக்கு. மக்களின் இணக்கமில்லாமல் அந்த இலக்கை எட்ட முடியாது. எட்டினாலும் அது நிலைக்காது.

செய்ய வேண்டியவை ஒன்றும் மறைபொருள் அல்ல. மின்கலச் சேமிப்பைக் கேள்விப்பத்திரத்திலிருந்து நிலத்துக்கு இறக்க வேண்டும். மகா ஓயாத் திட்டத்துக்குத் திகதி குறிக்க வேண்டும். நீரைப் பகலில் இயன்றவரை சேமித்து, மாலை உச்சத்துக்கும் அவசர ஆட்டங்களுக்கும் பாவிக்க வேண்டும். அதுவே நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் மிகப்பெரிய மின்கலம். விரைவில் எழும்பி விரைவில் அடங்கும் சிறிய இயந்திரங்கள் வேண்டும். கெரவலப்பிட்டியில் 2010இல் எழுந்த 300 மெகாவாட் நிலையத்தை இயற்கை வாயுவுக்கு மாற்றுவோம் என்றார்கள். பதினைந்து வருடங்கள் கழிந்தும் நாட்டில் ஒரு வாயு முனையம் எழவில்லை, எண்ணெய் எரிகிறது. புதிய இன்வேட்டர்கள் சிறு ஆட்டத்துக்குக் கழன்றுவிடாமல் தாங்கி நிற்கும் வகையிலும், கட்டுப்பாட்டு அறையின் சொல்லைக் கேட்கும் வகையிலும் அமைய வேண்டும். எந்த நாளில், எந்த மணித்தியாலத்தில், எந்த மின்நிலையம் நிறுத்தப்பட்டது, என்ன காரணத்துக்காக, யாருக்கு எவ்வளவு நட்டம் என்பதை மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் குரங்குக் கதைகள் தாமாகவே நின்றுவிடும்.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இன் திருத்தச் சட்டமும் 1969இல் பிறந்த மின்சார சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்தன. பெயர்ப்பலகை மாறுவதால் மட்டும் எதுவும் மாறிவிடாது. ஒரே சபையாக இருந்தபோது பொறுப்பை அமைச்சும் சபையும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளினர். பல நிறுவனங்களானால் தள்ளுவதற்குக் கைகள் இன்னும் கூடும். சமநிலைக்கு யார் பொறுப்பு, தவறினால் யார் பதில் சொல்வது என்பதைச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ். குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனதை எங்கள் தலைமுறை மறக்காது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் நூலும் வைத்து விளக்குச் செய்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சுற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். உற்பத்திக்கும் பாவனைக்கும் உள்ள உறவை எந்தப் பொறியியற் பீடத்துக்கும் போகாமல் நாங்கள் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆகையால் மாறிமாறிச் சுற்றினோம். ஒருவருக்குக் கை நோகும் முன்னரே அடுத்தவர் ஆயத்தமாக நின்றார். முன்கூட்டியே யோசிப்பது என்பது அவ்வளவுதான்.

தபாலதிபர் படல்களை நிறுத்தவில்லை. அவ்வாறு செய்தது பிழை என்று அவருக்குச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. கேட்டுக்கொள்ளும் உரிமை சபைக்கு உண்டு. ஆனால், தன் பங்கைச் செய்தவர்தான் மற்றவரிடம் பங்கு கேட்கலாம். அடுத்த புத்தாண்டிலும் வெயில் எறிக்கத்தான் போகிறது. அதற்குள் சேமிப்பு வருமா, இல்லை இன்னொரு குரங்கைத் தேடுவார்களா என்பதை நாம் பார்த்துக்கொண்டிருப்போம்.